வேலை ஊரைத் தேடி வரும் காலம்

பிழைப்பைத் தேடி ஊரை விட்டுப் போவது நமது கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்து வருவதாகும். படித்த பிள்ளை பட்டணம் போவான். பெற்றோர் வீட்டையும் நிலத்தையும் காத்துக்கொண்டு இங்கே இருப்பர். பொங்கலுக்கும் கோயில் கொடைக்கும் அவன் வந்து போவான். வேலை இருக்கும் இடத்துக்கு மனிதன் போக வேண்டும் என்பதே இதுவரை நாம் அறிந்த நியதி. ஆனால் சில வகை வேலைகளைப் பொறுத்த வரையில் இந்த நியதி இப்பொழுது தளர்ந்துவிட்டது. வேலையே மனிதன் இருக்கும் இடத்துக்கு வரத் தொடங்கியிருக்கிறது.

2020ஆம் ஆண்டு மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தபோது, கணிப்பொறித் தொழிலில் இருந்த ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தத்தம் ஊர்களுக்குத் திரும்பி, வீட்டுத் திண்ணையிலும் மாடியறையிலும் அமர்ந்து வேலை செய்ததை நாம் யாவரும் கண்டோம். நோயின் கொடுமை நீங்கியதும் பலர் பட்டணம் திரும்பினர். எனினும் ஒரு கேள்வி ஊரிலேயே தங்கிவிட்டது. அன்று ஆபத்துக் காலத்தில் செய்ய முடிந்ததை, நல்ல காலத்திலும் ஒழுங்குபடுத்திச் செய்ய முடியாதா? செய்தால் கிராமத்துக்கு என்ன நன்மை? எவற்றில் எச்சரிக்கை வேண்டும்? இவற்றை வரிசையாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இது புதிய வழக்கமா?

வீட்டில் இருந்தபடியே தொழில் செய்வது நமக்குப் புதியதன்று. நெசவாளியின் வீட்டில் தறி ஒரு பாதி இடத்தையும் குடும்பம் மறு பாதி இடத்தையும் கொண்டிருக்கும். குயவர் வீட்டு முற்றமே அவரது தொழிற்கூடம். விடியுமுன் வயலில் இறங்கி, வெயில் ஏறியதும் கரையேறி, பொழுது சாயும் வேளையில் மீண்டும் இறங்கும் உழவர், வேலைக்கேற்ப நேரத்தை வகுத்துக்கொள்ளும் கலையை நெடுங்காலமாகவே அறிவர். ஆலைகளும் அலுவலகங்களும் பெருகிய பின்னரே, எல்லோரும் ஒரே மணிக்கு ஒரே கூரையின்கீழ் கூட வேண்டும் என்ற முறை வலுப்பெற்றது. எந்திரம் ஓரிடத்தில் இருந்தது. ஆகவே மனிதரும் அவ்விடத்தில் இருக்க வேண்டியதாயிற்று. கடிதங்களும் கணக்கேடுகளும் ஓரிடத்தில் இருந்தன. ஆகவே எழுத்தர்களும் அங்கே கூடினர். கணக்கேடு கணிப்பொறிக்குள் புகுந்து, இணையத்தின் வழியே எங்கும் திறக்கக் கூடியதான பிறகு, அந்தக் காரணம் பெருமளவு வலுவிழந்துவிட்டது.

ஓர் அம்மையாரின் முயற்சி

இணையம் தோன்றுவதற்கு முன்னரே இம்முறையைச் செய்து காட்டியவர் இங்கிலாந்து நாட்டு ஸ்டெஃபனி ஷெர்லி அம்மையார். 1939இல், ஐந்து வயதுக் குழந்தையாக, நாஜிகளின் கொடுமைக்குத் தப்பி அகதியாக அந்நாட்டுக்கு வந்தவர் அவர். 1962இல் வெறும் 6 பவுன் முதலீட்டில், கணிப்பொறிக்கு நிரல் எழுதித் தரும் நிறுவனம் ஒன்றைத் தமது வீட்டிலேயே தொடங்கினார். திருமணத்துக்கும் மகப்பேற்றுக்கும் பின் வேலையை விட்டிருந்த படித்த பெண்களை அவர் தேடிப் பிடித்தார். அப்பெண்கள் தத்தம் வீடுகளில் இருந்து பென்சிலாலும் தாளாலும் நிரல்களை எழுதினர்.

பெண்ணின் பெயரில் அனுப்பிய கடிதங்களுக்கு விடை வராததால், ‘ஸ்டீவ்’ என்று ஆண் பெயரில் அவர் கையொப்பமிடத் தொடங்கினார். தொலைபேசியில் பேசும்போது குழந்தையின் குரல் கேட்காதிருக்க, தட்டச்சு ஓசையைப் பதிவு செய்து பின்னணியில் ஒலிக்க விட்டார். முதல் 300 ஊழியருள் 297 பேர் பெண்கள். கான்கார்ட் என்னும் அதிவேக விமானத்தின் பறப்புப் பதிவுக் கருவிக்கான நிரல் இப்பெண்கள் எழுதியதேயாகும். வீட்டில் இருப்பவர் செய்யும் வேலை தரத்தில் தாழ்ந்தது என்ற எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி வேண்டுமோ?

நேரத்தில் நெகிழ்வு

இடத்தை மாற்றுவது ஒரு வகை. நேரத்தை நெகிழ்த்துவது இன்னொரு வகை. 1967இல் ஜெர்மனியில் மியூனிக் நகரை அடுத்த ஒட்டோபுருன் என்னும் ஊரில் இருந்த விமானத் தொழிலகம் ஒன்றில், எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து சேர்வதால் சாலையிலும் வாயிலிலும் நெரிசல் மிகுந்தது. அதைத் தீர்க்க, எல்லோரும் கட்டாயமாக இருக்க வேண்டிய மைய நேரம் ஒன்றை வகுத்து, அதற்கு முன்னும் பின்னும் அவரவர் வசதிப்படி வந்து போக இடமளித்தனர். மொத்த வேலை நேரம் குறையவில்லை, நெரிசல் குறைந்தது. இம்முறை பின்னர் ஐரோப்பாவெங்கும் பரவியது.

அமெரிக்காவில் ஜாக் நில்லஸ் என்னும் பொறியாளர் 1973இல் மற்றொரு வழியை ஆராய்ந்தார். ஊழியர் அனைவரையும் நகரத்தின் நடுவே கூட்டுவதற்கு மாறாக, அவர்கள் வாழும் பகுதிகளுக்கு அருகிலேயே சிறு அலுவலகங்களை அமைத்து, தொலைத்தொடர்பினால் தலைமையகத்துடன் இணைக்கலாம் என்பது அவர் கருத்து. தொலைவில் இருந்து வேலை செய்வது என்றால் வீட்டுக்குள்ளேயே அடைபட்டிருப்பது என்று மட்டும் பொருளன்று என்பதை இங்கே நாம் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னால் நாம் கூறப்போகும் யோசனைக்கு இதுவே அடிப்படை.

சோதனை கூறும் உண்மை

மேற்பார்வை இல்லாவிட்டால் ஊழியர் சோம்பியிருப்பர் என்று அஞ்சும் மேலாளர் பலர். இந்த அச்சம் சரியா என்பதைச் சீனாவில் ஷாங்காய் நகரில் முறைப்படி சோதித்துப் பார்த்தனர். பயணச் சீட்டும் விடுதி அறையும் பதிவு செய்து தரும் நிறுவனம் ஒன்றின் தொலைபேசிப் பணியாளருள், விருப்பம் தெரிவித்துத் தகுதியும் பெற்ற 249 பேரை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் நிக்கோலஸ் புளூமும் அவர் தோழர்களும் இரு பிரிவாக்கினர். பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர் வாரத்தில் நான்கு நாள் வீட்டிலிருந்தும் ஒரு நாள் அலுவலகத்திலும் வேலை செய்தனர். ஒற்றைப்படையினர் வழக்கம்போல் அலுவலகத்துக்கே வந்தனர். 2010 டிசம்பரில் தொடங்கிய இச்சோதனை ஒன்பது மாதம் நடந்தது.

வீட்டிலிருந்தோரின் வேலை 13 சதவீதம் உயர்ந்தது. இதில் 9 சதவீதம், இடைவேளையும் நோய் விடுப்பும் குறைந்ததனால் வந்தது. எஞ்சிய 4 சதவீதம், அமைதியான சூழலில் நிமிடத்துக்கு மிகுதியான அழைப்புகளை ஏற்க முடிந்ததனால் வந்தது. வேலையை விட்டு விலகுவோர் தொகை பாதியாகக் குறைந்தது.

ஆனால் சோதனையின் மறுபக்கத்தையும் மறைத்தல் ஆகாது. நன்றாக வேலை செய்தும், கண்ணில் படாமையால், வீட்டிலிருந்தோருக்குப் பதவி உயர்வு குறைந்தது. ஒன்பது மாதம் முடிந்ததும் அவரவர் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம் என்றபோது, பலர் தனிமை தாங்காமல் அலுவலகத்துக்கே திரும்பினர். விரும்பியவர் மட்டும் வீட்டிலிருந்து செய்தபோது பயன் 22 சதவீதம் வரை உயர்ந்தது. ஆகவே, கட்டாயத்தினால் அன்று, தேர்வினாலேயே இம்முறை சிறக்கும் என்பது தெளிவு.

அதே நிறுவனத்தில் 2021, 2022ஆம் ஆண்டுகளில் 1,612 பேரைக் கொண்டு இன்னொரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2024இல் வெளியாயிற்று. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலும் மற்ற நாள் அலுவலகத்திலும் வேலை செய்வது என்பது அதன் ஏற்பாடு. வேலைத் திறத்திலும் பதவி உயர்விலும் எந்தக் குறைவும் நேரவில்லை. விலகுவோர் தொகை மட்டும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பெண்களுக்கும் நெடுந்தூரம் பயணம் செய்வோருக்கும் இதனால் விளைந்த நன்மை சிறப்பாகக் குறிக்கத்தக்கது.

நம் நாட்டில் ஒரு சான்று

அயல்நாட்டுச் செய்திகள் ஒருபுறம் இருக்க, நம் மாநிலத்திலேயே ஒரு நல்ல சான்று உண்டு. குற்றால மலையடிவாரத்தில், தென்காசிக்கு அருகே உள்ள கிராமம் மத்தளம்பாறை. 1996இல் தொடங்கப்பெற்று இன்று சோஹோ என்று வழங்கும் கணிப்பொறி மென்பொருள் நிறுவனம், 2011இல் அக்கிராமத்தில் ஓர் அலுவலகத்தை அமைத்தது. நகரத்தில் முடித்த வேலையின் உதிரிகளை மட்டும் அங்கே அனுப்பிவைக்கவில்லை; வாடிக்கையாளர் குறைகளைக் கேட்டுத் தீர்ப்பதற்கான மென்பொருள் ஒன்று அங்கேயே உருவாகி உலக நாடுகளுக்குச் சென்றது. பட்டப்படிப்பு இல்லாத கிராமத்துப் பிள்ளைகளுக்கும் பயிற்சி அளித்து வேலைக்கு எடுத்துக்கொள்வது அந்நிறுவனத்தின் வழக்கம்.

இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்று. அறிவு வேலை பட்டணத்துக்கே உரியது என்பது இயற்கை விதியன்று, பழக்கத்தால் வந்தது. மின்சாரம், இணைய இணைப்பு, பயிற்சி, நம்பிக்கை ஆகிய நான்கும் கூடிய இடத்தில் அவ்வேலையும் கூடும்.

கிராமத்துக்கு விளையும் நன்மைகள்

முதலாவது, காலம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பட்டணத்தில் வேலைக்குப் போய்வர ஒருவருக்கு நாள்தோறும் இரண்டு மணி நேரம் செலவாகிறது என்று கொள்வோம். மாதத்தில் 22 வேலை நாட்களுக்கு அது 44 மணி. எட்டு மணி கொண்ட வேலை நாட்களாகக் கணக்கிட்டால் மாதம் ஐந்தரை நாட்கள், யாருக்கும் பயனின்றிப் பேருந்திலும் ரயிலிலும் கழிகின்றன.

இரண்டாவது, பணம். பட்டணத்தில் வாடகைக்கும் உணவு விடுதிக்கும் போகும் தொகை, ஊரிலேயே பால்காரருக்கும் மளிகைக் கடைக்கும் கொத்தனாருக்கும் தச்சருக்கும் போய்ச் சேரும். ஒருவர் ஈட்டும் சம்பளம் ஊருக்குள் இரண்டு மூன்று கை மாறிய பின்னரே வெளியே போகும்.

மூன்றாவது, முதியோர் பாதுகாப்பு. இன்று எத்தனையோ ஊர்களில் பெரிய வீடுகளில் வயது முதிர்ந்த தாய் தந்தையர் இருவர் மட்டுமே உள்ளனர். இரவில் உடல்நலம் குன்றினால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல ஆளில்லை. மகனோ மகளோ வாரத்தில் சில நாளேனும் அருகில் இருப்பது, பணத்தால் அளவிட முடியாத நன்மையாகும்.

நான்காவது, பெண்களும் உடல் ஊனமுற்றோரும் அடையும் வாய்ப்பு. படித்திருந்தும் வெளியூர் செல்ல இயலாமையால் வீட்டோடு நின்றுவிட்ட பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. மகப்பேற்று விடுப்பை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்திய 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம், விடுப்புக்குப் பின் வேலையின் இயல்பு இடம் தந்தால் இரு தரப்பும் ஒப்பிய நிபந்தனைகளின்படி வீட்டிலிருந்தே பணிபுரியலாம் என்றும் கூறியது. படியேறவும் பேருந்தில் தொற்றவும் இயலாத ஒருவருக்கோ, வேலை வீட்டுக்கு வருவது வசதி மட்டுமன்று. அதுவே வாழ்வின் வாயிலாகும்.

ஐந்தாவது, ஊரின் அறிவு. படித்தவர் யாவரும் வெளியேறிவிட்டால் கிராம சபையில் வரவு செலவைப் படித்துக் கேள்வி கேட்பவர் யார்? மாலையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர் யார்? படித்தவர் ஊரில் வாழ்வதே ஊருக்கு ஒரு செல்வம்.

பீடித் தட்டு தரும் எச்சரிக்கை

இவ்வளவு நன்மைகளைக் கூறிய நாம், இதே தென்காசி, திருநெல்வேலி வட்டாரம் கற்பிக்கும் இன்னொரு பாடத்தை மறந்துவிடலாகாது. அங்கே பல்லாயிரம் பெண்கள் பல தலைமுறையாக வீட்டில் அமர்ந்து பீடி சுற்றி வருகின்றனர். இலையும் தூளும் வீட்டுக்கு வரும். சுற்றிய பீடி கடைக்குப் போகும். வெளியே போகாமல் குடும்பத்தைக் கவனித்துக்கொண்டே சம்பாதிக்கலாம் என்பதே அதன் கவர்ச்சியும் ஆகும். ஆனால் நடந்தது என்ன? எண்ணிக்கைக்குத்தான் கூலி, நேரத்துக்கு வரையறை இல்லை. இலை குறைந்தால் கைப்பணம் போட்டு வாங்க வேண்டும். தரமில்லை என்று தள்ளப்பட்ட பீடிக்குக் கூலி இல்லை. புகையிலைத் தூள் அடுக்களை வரையில் பரவும். வீட்டில் இருப்பவர் தொழிலாளரே அல்லர் என்ற வாதமும் எழுந்தது. 1966இல் இயற்றப்பட்ட பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டமே, மூலப்பொருளைப் பெற்று வீட்டில் சுற்றுவோரையும் தொழிலாளர் என்று ஏற்றது.

வீட்டில் வேலை என்பது தன்னளவில் விடுதலையும் அன்று, அடிமைத்தனமும் அன்று. அதனுடன் வரும் நிபந்தனைகளே அதை ஒன்றாக்குகின்றன அல்லது மற்றொன்றாக்குகின்றன. வீட்டுவழித் தொழிலாளருக்கு மற்றத் தொழிலாளரோடு இயன்றவரை சமநிலை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் 177ஆம் உடன்படிக்கையை ஏற்றதும் இக்காரணத்தாலேயே. பீடித் தட்டை மடியில் வைத்துத் தன் மகளைப் படிக்க வைத்த தாயின் வீட்டில், அந்த மகளின் மடியில் இப்பொழுது கணிப்பொறி இருக்கிறது. தாய்க்கு நேர்ந்தது மகளுக்கும் நேராதிருக்க வேண்டுமானால், பின்வருவனவற்றை வேலையில் சேருமுன் கேட்டறிவது அவசியம்:

1. வேலை ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா? மாதச் சம்பளமா, எண்ணிக்கைக் கூலியா?

2. வருங்கால வைப்பு நிதி, காப்பீடு, விடுப்பு ஆகியவை அலுவலகத்தில் இருப்போருக்கு உள்ளவாறே உண்டா?

3. வேலை நேரம் எப்பொழுது தொடங்கி எப்பொழுது முடியும்? இரவில் அழைத்தால் மறுக்கும் உரிமை உண்டா?

4. கணிப்பொறி, இணையக் கட்டணம், மின்சாரம் ஆகியவற்றின் செலவு யாருடையது?

5. பதவி உயர்வுக்கு எந்த அளவுகோல்? மாதம் ஒரு முறையேனும் சக ஊழியரை நேரில் சந்திக்க ஏற்பாடு உண்டா?

இவற்றுடன் குடும்பத்தாருக்கும் ஒரு வார்த்தை. மருமகள் வீட்டில் இருக்கிறாள் என்பதால் அவள் ஓய்வாக இருக்கிறாள் என்று கொள்ளலாகாது. அலுவலக வேலையும் அடுப்பு வேலையும் ஒரே நேரத்தில் ஒருவர் தலையில் விழுமானால், வந்த வாய்ப்பு சுமையாகவே முடியும். வேலை நேரத்தில் அவள் அறைக் கதவு மூடியிருக்கும். குழந்தையை மற்றவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மோசடிக்காரர் குறித்தும் விழிப்பு வேண்டும். ‘வீட்டிலிருந்தே தினமும் ஆயிரக்கணக்கில் சம்பாதிக்கலாம்’ என்று கைப்பேசியில் செய்தி அனுப்பி, முதலில் சிறு தொகை கொடுத்து ஆசை காட்டிப் பின்னர் முன்பணம் என்றும் பதிவுக் கட்டணம் என்றும் பறிப்போர் பலர் உளர். வேலை தருபவர் பணம் தருவாரேயன்றிக் கேட்க மாட்டார். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் போதும். ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணில் தெரிவிக்க வேண்டும்.

பஞ்சாயத்து செய்யக் கூடியவை

கிராமத்து வீடுகள் பலவற்றில் தனியறை கிடையாது. மின்சாரம் தடைப்பட்டால் வேலை நின்றுவிடும். ஆகவே ஒவ்வொரு வீட்டையும் அலுவலகமாக்க முயல்வதைவிட, ஊருக்குப் பொதுவான ஒரு வேலைக்கூடம் அமைப்பதே சிறந்த வழி. முன்னர்க் கூறிய ஜாக் நில்லஸின் யோசனையும் மத்தளம்பாறையின் அனுபவமும் இதையே காட்டுகின்றன.

இதற்குப் பெரிய கட்டடம் வேண்டியதில்லை. பல பஞ்சாயத்துகளில் கிராம ஊராட்சிச் சேவை மையமோ நூலகமோ முன்னமே இருக்கிறது. அதில் ஓர் அறை, பத்து மேசை நாற்காலி, மின்தடையின்போது நான்கு மணி நேரம் தாங்கும் மின்கலம், நல்ல விளக்கு, குடிநீர், ஆண் பெண் இருபாலருக்கும் தனித்தனிக் கழிப்பறை ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். இணைப்பைப் பொறுத்தவரை, பாரத்நெட் திட்டத்தின்கீழ்த் தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைக்கத் திட்டம் வகுக்கப்பட்டு, அதற்கெனத் தமிழ்நாடு பைபர்நெட் நிறுவனமும் அமைக்கப்பட்டது. தம் ஊரில் வடம் வந்து சேர்ந்ததா, சேர்ந்தது வேலை செய்கிறதா என்பதைக் கிராம சபையில் கேட்டறிவது ஊராரின் கடமை. பயன்படுத்துவோர் சிறு கட்டணம் செலுத்தினால், மின்கட்டணத்துக்கும் துப்புரவுக்கும் பஞ்சாயத்தின் நிதியைத் தொட வேண்டியிராது. கூடத்தின் நிர்வாகத்தை மகளிர் சுய உதவிக் குழு ஒன்றிடம் ஒப்படைக்கலாம்.

அடுத்ததாக ஒரு பட்டியல் வேண்டும். ஊரில் படித்தவர் யார், வெளியூரில் கணிப்பொறி வேலை செய்வோர் யார், அவருள் வாரத்தில் சில நாள் ஊரிலிருந்து வேலை செய்ய அனுமதி பெறக் கூடியவர் யார் என்று எழுதிப் பார்க்க வேண்டும். ஐந்து பேர் தேறினாலும் போதும். அவர்களைக் கண்டு மாணவர் கற்பர்.

எல்லா வேலையும் இவ்வாறு செய்யக் கூடியதன்று என்பதையும் ஒப்புக்கொள்வோம். நாற்று நடுவதும் சுவர் எழுப்புவதும் நோயாளிக்கு ஊசி போடுவதும் நேரில் செய்ய வேண்டியவை. அத்தகையோருக்கும் நேரத்தில் நெகிழ்வு அளிக்க முடியும். கடும் வெயில் காலத்தில் வேலையை விடியற்காலையில் தொடங்குவதும், செவிலியர் தம்முள் முறை மாற்றிக்கொள்ள இடமளிப்பதும், பிள்ளைக்கு உடல்நலம் குன்றிய நாளில் இரண்டு மணி நேரம் பிந்தி வருபவரை மாலையில் ஈடு செய்ய விடுவதும் எந்த நிர்வாகத்துக்கும் இயலாதவை அல்ல. கணிப்பொறிக்காரருக்கு மட்டும் வசதி, மற்றவருக்குக் கெடுபிடி என்றால் அது நியாயமாகாது.

ஊரில் இருப்பதா, பட்டணம் போவதா என்று இனித் தீர்மானிக்க வேண்டியவர் அந்தந்த இளைஞரே. போக விரும்புவோர் போகட்டும். ஆனால் இருக்க விரும்பியும் வேலையின்மையால் போக நேர்வதே துயரமாகும். அந்தத் துயரத்தைக் குறைக்க ஒரு வழி திறந்திருக்கிறது. அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போகும்போது, நம் ஊரில் அத்தகைய அறை ஒன்று உண்டா, இல்லையெனில் எந்தக் கட்டடத்தில் அமைக்கலாம் என்ற கேள்வியையும் நாம் உடன்கொண்டு செல்வோமாக.